செட்டிநாட்டுப் பொது நூலகம்: உறுப்பினர் ஆவது முதல் நிகழ்ச்சி நடத்துவது வரை

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஓர் உறுப்பினர் அட்டை வாங்க எனக்கு ஐந்து நடை ஆயிற்று. முதல் நடையில் நூலகம் பூட்டியிருந்தது. இரண்டாவதில் முகவரிச் சான்று சரியில்லை. மூன்றாவதில் கையொப்பம் செல்லவில்லை. நான்காவதில் புகைப்படம் ஒன்று குறைந்தது. இருபது ஆண்டுகள் வெளியூரில் இருந்துவிட்டு ஐயா (தாத்தா) கட்டிய வீட்டுக்குக் குடிவந்த எனக்கு, வீட்டு ஓடு மாற்றக் கொத்தனாரைப் பிடிப்பதுகூட இதைவிட எளிதாக இருந்தது. பிற்பாடு அதே நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தப் போய் அதிலும் அடிபட்டேன். செட்டிநாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களும், ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்புகிறவர்களும் இந்த அலைச்சலைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. உங்கள் நூலகம் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்று பாருங்கள்

செட்டிநாடு என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அரசுக் கணக்கில் அது இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், கண்டனூர், புதுவயல், திருப்பத்தூர் ஆகியவை சிவகங்கை மாவட்டம். பொன்னமராவதி, திருமயம், இராயவரம், அரிமளம் ஆகியவை புதுக்கோட்டை மாவட்டம். அரசுப் பொது நூலகங்கள் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கீழ் இயங்குவதால், ஒரு மாவட்டத்தில் கட்டிய காப்புத்தொகையைக் காட்டி அடுத்த மாவட்டத்து நூலகத்தில் நூல் கேட்க இயலாது. பள்ளத்தூரில் குடியிருந்துகொண்டு, பேருந்து வசதி கருதித் திருமயத்தில் சேரலாம் என்று நினைப்பவர்கள் இதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒரே மாவட்டத்துக்குள்ளும் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று படிகள் உண்டு. படி இறங்க இறங்க நூல்களின் எண்ணிக்கையும் திறந்திருக்கும் நேரமும் குறையும். உங்கள் ஊரில் இருப்பது பகுதி நேர நூலகமானால் நாளிதழுக்கும் வார இதழுக்கும் அதை வைத்துக்கொண்டு, நூல் எடுக்கப் பக்கத்து ஊர்க் கிளை நூலகத்தில் சேருவதே புத்திசாலித்தனம்.

நகர்ப்புற உள்ளாட்சிகள் சில ஊர்களில் கட்டியிருக்கும் அறிவுசார் மையங்களையும், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தில் 2025 சனவரியில் திறக்கப்பட்ட லட்சுமி வளர்தமிழ் நூலகத்தையும் இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை வேறு நிருவாகங்கள். கிளை நூலக அட்டை அங்கே செல்லாது. அங்கே போவதற்கு முன் அவற்றின் விதிகளைத் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

2. வெள்ளிக்கிழமை போகாதீர்கள்

அரசு அலுவலகம் என்றால் ஞாயிறு விடுமுறை என்ற எண்ணம் நம்மில் ஊறிப்போயிருக்கிறது. கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை வார விடுமுறை. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே நூலகத்தில் பெயரைப் பதிந்துவிடலாம் என்று நல்ல நாளாக வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்துப் போன என் முதல் நடை இப்படித்தான் வீணாயிற்று.

சிறிய நூலகங்கள் காலையில் சில மணி நேரம் திறந்திருந்து, பகலில் மூடி, மாலையில் மறுபடியும் திறக்கும். நேரம் வாசலில் உள்ள பலகையில் எழுதியிருக்கும். முதல் நாளே அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் சேர்க்கை போன்ற எழுத்து வேலைக்குக் காலை நேரமே ஏற்றது. மாலையில் பள்ளிப் பிள்ளைகளும் நாளிதழ் வாசகர்களும் கூடிவிடுவதால், தனி ஒருவராக நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் நூலகர் உங்கள் படிவத்துக்கு நேரம் ஒதுக்கத் திணறுவார். தணிக்கைக்காகவோ மாவட்டக் கூட்டத்துக்காகவோ அவர் வெளியூர் போகும் நாட்களும் உண்டு; எனவே போகும் முன் ஒரு முறை தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

3. முகவரிச் சான்று: பெரும்பாலோர் சிக்குவது இங்கேதான்

படிவம் நூலகத்திலேயே கிடைக்கும். அதனுடன் ஆதார் நகலும் புகைப்படமும் கேட்பார்கள். இரண்டு புகைப்படம் கையில் இருக்கட்டும். ஒன்றைப் படிவத்திலும் மற்றொன்றை அட்டையிலும் ஒட்டும் வழக்கம் உண்டு.

சிக்கல் ஆதாரில் உள்ள முகவரியில்தான் தொடங்குகிறது. சென்னை முகவரியோ பெங்களூரு முகவரியோ உள்ள ஆதாரைக் காட்டினால், உள்ளூரில் குடியிருப்பதற்கு வேறு சான்று கேட்பார்கள். செட்டிநாட்டில் அதற்கு நாம் உடனே நீட்டுவது வீட்டு வரி ரசீது. நானும் அதைத்தான் நீட்டினேன். அந்த ரசீதில் இருந்த பெயர் என்னுடையது அன்று, என் தந்தையுடையதும் அன்று. 1960களில் காலமான எங்கள் ஐயாவுடையது. மின் கட்டண அட்டையிலும் அதே பெயர். நூலகர் அந்த ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் இருப்பவர் வந்தால் உடனே அட்டை போட்டுத் தருகிறேன்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

இதற்காக வரி ரசீதில் பெயர் மாற்றம் செய்யப் புறப்பட்டுவிடாதீர்கள். பங்காளிகள் அத்தனை பேரிடமும் கையொப்பம் வாங்க வேண்டும். ஒருவர் கோலாலம்பூரில் இருப்பார், ஒருவர் மற்றொருவரோடு பேச்சை நிறுத்தியிருப்பார். நூலக அட்டைக்குக் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தால் போதும்.

முதலாவது, உள்ளூர் வங்கிக் கிளையின் கணக்குப் புத்தகம். வங்கியில் முகவரியை மாற்றிக் கொடுத்து, முதல் பக்கத்தைப் புதிய முகவரியோடு அச்சிட்டு வாங்கிக்கொண்டால் அதுவே எளிய வழி. எனக்கு இது இரண்டு நாளில் முடிந்தது. இரண்டாவது, உள்ளூர் முகவரிக்கு மாற்றிய குடும்ப அட்டை அல்லது எரிவாயு இணைப்புப் புத்தகம். மூன்றாவது, வாடகை வீட்டில் இருப்பவர்களானால் வாடகை ஒப்பந்தத்தின் நகல். ஆதாரிலேயே முகவரியை மாற்ற நினைப்பவர்கள் ஒரு மாதம் வரை ஆகக்கூடும் என்று கணக்கிட்டு, நூலகத்துக்குப் போவதற்கு வெகு முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

சில நூலகங்களில், சான்று அரைகுறையாக இருந்தால் பொறுப்பான ஒருவரின் கையொப்பமும் முத்திரையும் வாங்கி வரச் சொல்வார்கள். இங்கே எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரக் கூடாது. எங்கள் தெருவில் எல்லோரும் மதிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் கையொப்பம் வாங்கிப் போனேன். பணியில் இருப்பவரின் முத்திரைதான் செல்லும் என்று அது திரும்பி வந்தது. பெரியவருக்கு அதில் என்னைவிட அதிக வருத்தம். எனவே கையொப்பம் வாங்கும் முன், யாருடைய கையொப்பம் செல்லும் என்பதை நூலகரிடம் கேட்டு, படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

4. செலவு

பணம் இதில் ஒரு பொருட்டே இல்லை. காப்புத்தொகை, ஆண்டுச் சந்தா என்று இரண்டு உண்டு. ஒரே சமயத்தில் எத்தனை நூல் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். இரண்டும் சேர்ந்தாலும் காரைக்குடியில் இருவர் காலைச் சிற்றுண்டி சாப்பிடும் செலவைத் தாண்டாது. சில்லறையாகக் கொண்டுபோங்கள். காப்புத்தொகை ஊரை விட்டுப் போகும்போது திரும்பக் கிடைக்கக்கூடியது என்பதால் அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்; ரசீது இல்லாமல் போய் நின்று பயனில்லை. சந்தாவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மறந்துவிட்டால் யாரும் நினைவூட்ட மாட்டார்கள். அடுத்த முறை நூல் எடுக்கும்போதுதான் தெரியவரும்.

1,000 ரூபாய் கட்டிப் புரவலராகச் சேரும் வழியும் உண்டு. நூலகத்தில் உள்ள பலகையில் பெயர் எழுதுவார்கள். எங்கள் ஊர்ப் பலகையில் முதல் பத்துப் பெயர்களில் ஏழு, மணி விழாவையோ பிள்ளையின் திருமணத்தையோ ஒட்டிக் கட்டியவை என்று நூலகர் சொன்னார். மொய் எழுதி வாங்காத வீட்டு விசேஷங்களில் இப்படி ஒன்று செய்யலாம் என்று எனக்கும் தோன்றியது.

இன்னொன்று. வீட்டு வரி கட்டும் எவரும் நூலகத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரி சேர்ந்தே வசூலாகிறது. உங்கள் வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியே குறித்திருக்கும். பூட்டிக் கிடக்கும் வளவு (முற்றம் வைத்த பெரிய) வீடுகளுக்கும் இது உண்டு. ஆகவே நூலகத்தில் போய் நிற்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

5. நூல் எடுப்பதும் திருப்புவதும்

இரண்டு வாரத் தவணை. தேவையானால் நூலை நேரில் கொண்டுபோய் நீட்டித்துக்கொள்ளலாம். தாமதக் கட்டணம் சிறியது. நூல் தொலைந்தால் அதே நூலை வாங்கித் தருவதோ விலையைக் கட்டுவதோ உங்கள் பொறுப்பு. பழைய பதிப்புகள் கடையில் கிடைக்காமல் திண்டாட நேரும். நூலை வீட்டுக்கு எடுத்துப் போகும் முன் கிழிந்த பக்கம் இருந்தால் நூலகரிடம் காட்டிவிடுங்கள். அட்டையைக் குடும்பத்தினர் எடுத்துப்போகலாமா என்பதை நூலகத்துக்கு நூலகம் வேறு விதமாகச் சொல்கிறார்கள். சேரும் அன்றே கேட்டுவிடுங்கள்.

6. ஆண்டு முழுவதும் நடக்கும் நிகழ்ச்சிகளை எப்படித் தெரிந்துகொள்வது

இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நூலக நிகழ்ச்சிகளுக்கு இணையத்தில் தேடிப் பயனில்லை. செய்தி இரண்டு இடங்களில்தான் இருக்கும். ஒன்று, நூலக வாசலில் உள்ள அறிவிப்புப் பலகை. மற்றொன்று, வாசகர் வட்டம். வாசகர் வட்டம் என்பது நூலகத்தைச் சார்ந்து உள்ளூர் வாசகர்களே தலைவர், செயலாளர் என்று பொறுப்பேற்று நடத்தும் குழு. கூட்டங்கள், போட்டிகள், நூல் திறனாய்வு ஆகியவை பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. அட்டை வாங்கிய அன்றே, வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்துவிடுங்கள் என்று கேளுங்கள். நான் இதைக் கேட்காமல் விட்டதால் முதல் ஆண்டின் நிகழ்ச்சிகள் எல்லாம் முடிந்த பிறகே எனக்குத் தெரியவந்தன. காலை நாளிதழில் புகைப்படத்தைப் பார்த்துத்தான் நம் ஊர் நூலகத்தில் கூட்டம் நடந்தது என்று தெரிந்துகொள்வது எவ்வளவு சங்கடம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். அன்று பல நூலகங்களில் சிறு கூட்டமும் புதிய உறுப்பினர் சேர்க்கையும் இருக்கும். மே மாதத்தில் பள்ளி விடுமுறையை ஒட்டிக் கோடை முகாம்கள் நடக்கும். கதை, ஓவியம், சதுரங்கம், கையெழுத்துப் பயிற்சி என்று அந்தந்த ஊரில் சொல்லித்தர ஆள் கிடைப்பதைப் பொறுத்து அமையும். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளை வரவழைக்கும் ஆச்சிமார்கள் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலேயே நூலகத்தில் விசாரித்துப் பெயர் கொடுத்துவிடுவது நல்லது. பிள்ளைகளுக்கு உள்ளூர் முகவரிச் சான்று இல்லாததால் நூல் எடுக்க முடியாது. முகாமில் உட்கார்ந்து படிக்க அது தடையில்லை.

ஆகஸ்ட் 12 நூலகர் நாள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். இரங்கநாதனின் பிறந்த நாளை ஒட்டி அது கொண்டாடப்படுகிறது. அன்று கூட்டத்துக்குப் போகாவிட்டாலும் உங்கள் நூலகரிடம் ஒரு வார்த்தை வாழ்த்துச் சொல்லுங்கள்.

ஆண்டின் பெரிய நிகழ்வு நவம்பர் 14 முதல் 20 வரை நடக்கும் தேசிய நூலக வார விழா. பேச்சு, கட்டுரை, ஓவியப் போட்டிகள், நூல் கண்காட்சி, புரவலர் சேர்ப்பு எல்லாம் அந்த வாரத்தில்தான். போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாள் விழாவுக்கு ஒரு வாரம் முன்பே முடிந்துவிடும். தீபாவளிப் பரபரப்பில் அதைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மழையும் இருக்கும். மாலைக் கூட்டங்கள் மழையால் ஒத்திப்போனால் அந்தச் செய்தியும் குழுவில்தான் வரும்.

2022 முதல் மாவட்டந்தோறும் அரசு உதவியுடன் புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன. சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டுக்கும் தனித்தனித் திருவிழா. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். பகலில் பள்ளி மாணவர்களைப் பேருந்துகளில் அழைத்து வருவதால் கூட்டம் நெரியும். நூல் வாங்குவதே நோக்கமானால் வார நாள் மாலையில் போங்கள். சிறந்த பேச்சாளர்கள் இரவு நேரத்தில் பேசுவார்கள். காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ கடைசிப் பேருந்து எப்போது என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

நூலகத்தைச் சேராவிட்டாலும் வாசகர்கள் தவறவிடக் கூடாத ஒன்று காரைக்குடிக் கம்பன் விழா. 1939 முதல் நடந்து வருவது. பங்குனியில் மகம், பூரம், உத்திரம் ஆகிய நாட்களில் காரைக்குடியிலும், அத்தம் (அஸ்தம்) நாளில் கம்பர் சமாதியுள்ள நாட்டரசன்கோட்டையிலும் நடைபெறும். ஆங்கிலத் தேதியில் தேடினால் அகப்படாது. நாட்காட்டியில் நட்சத்திரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

7. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகள்தாம் இன்று நம் நூலகங்களின் நிரந்தர வாசகர்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளிப் பாடநூல்களே இத்தேர்வுகளுக்கு அடிப்படை. முதலில் அவை முழுத் தொகுதியாக நூலகத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை தேவையில்லை. உங்கள் சொந்த நூல்களைக் கொண்டுபோவதானால் உள்ளே நுழையும்போதே நூலகரிடம் காட்டிவிட வேண்டும். வெளியே வரும்போது காட்டினால் சங்கடம்தான் மிஞ்சும்.

நூலகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்திலும் விசாரியுங்கள். அங்கே பயிற்சி வகுப்புகள் கட்டணமின்றி நடக்கின்றன. மாதம் ஒரு முறையாவது மதுரை புதுநத்தம் சாலையில் 2023 சூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் வருவதும் பயனுள்ளது. காரைக்குடியிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் விடியற்காலையில் புறப்பட்டால்தான் பகல் முழுதும் படிக்க நேரம் கிடைக்கும்.

8. நீங்களே ஒரு நிகழ்ச்சி நடத்த விரும்பினால்

நூலகக் கூடத்தில் சிறு கூட்டம் நடத்த அனுமதி கிடைக்கும். அதற்கான முறை உண்டு. வரிசை தவறினால் எல்லாம் தவறும்.

முதலில் நூலகரிடம் வாய்மொழியாகப் பேசித் தேதியை முடிவு செய்யுங்கள். பிறகு வாசகர் வட்டத் தலைவரைப் பார்த்து, நிகழ்ச்சியை வட்டத்தின் பெயரிலேயே நடத்த ஒப்புதல் கேளுங்கள். தனி மனிதராகக் கேட்பதைவிட வட்டத்தின் வழியாகக் கேட்கும்போது அனுமதி விரைவாக வருகிறது. அதன் பிறகு கடிதம். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வழக்கமான அமைப்பில், மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதி நூலகர் வழியாக அனுப்ப வேண்டும். நாள், நேரம், பேசுபவர் பெயர், எதிர்பார்க்கும் கூட்டம், ஒலிபெருக்கி உண்டா இல்லையா என்பவை ஒரே பக்கத்தில் அடங்கட்டும். கட்சி, சாதி, மதம், விற்பனை ஆகியவற்றோடு தொடர்பில்லை என்று ஒரு வரி சேருங்கள். நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். குறைந்தது மூன்று வாரம் முன்னதாகக் கொடுத்தால் பதற்றமின்றி இருக்கலாம்.

நான் செய்த தவறு, அனுமதி வருவதற்கு முன்பே துண்டறிக்கை அடித்தது. 300 தாள். அச்சகத்திலிருந்து வாங்கி வந்து முகப்புத் திண்ணையில் அடுக்கி வைத்துக்கொண்டு நாட்காட்டியைப் பார்த்தால், நான் போட்டிருந்த தேதி இரண்டாம் சனிக்கிழமை. நூலகமே திறக்காத நாள். மறுநாள் ஞாயிறு என்று சிறு தாள்களில் எழுதி, 300 தாள்களிலும் பழைய தேதியின் மேல் கோந்து தடவி ஒட்டினோம். ஆச்சி ஒட்டியவை மட்டும் நேராக இருந்தன.

தேதி குறிக்கும்போது ஊர் நாட்காட்டியையும் பாருங்கள். குன்றக்குடியில் தைப்பூசமும் பங்குனி உத்திரமும், பிள்ளையார்பட்டியில் விநாயகர் சதுர்த்தியும் நடக்கும் நாட்களில் எவரும் உங்கள் கூட்டத்துக்கு வர மாட்டார்கள், பேருந்தும் கிடைக்காது. வளர்பிறை முகூர்த்த நாட்களும் அப்படியே. மார்ச்சிலும் ஏப்ரல் முதற்பாதியிலும் பள்ளித் தேர்வுகள் இருப்பதால் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள். சூலையும் ஆகஸ்டும் எனக்கு நன்றாக வாய்த்தன.

செலவு எனக்கு மொத்தம் 1,850 ரூபாய் ஆயிற்று. துண்டறிக்கை, ஒலிபெருக்கி வாடகை, நாற்பது பிள்ளைகளுக்குச் சுண்டலும் பாலும், பரிசு நூல்கள் ஆகியவை அதில் அடக்கம். ஒலிபெருக்கி தேவையே இல்லை என்று பின்னர் புரிந்தது. நாற்பது பிள்ளைகள் உட்காரும் கூடத்தில் அது இரைச்சலைத்தான் கூட்டியது. உண்பவற்றை நூலகத்துக்குள் தர வேண்டாம், வெளித் தாழ்வாரத்தில் கொடுங்கள். முடிந்ததும் கூடத்தைப் பெருக்கி, நாற்காலிகளை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தால், அடுத்த அனுமதிக்கு உங்கள் கடிதம் நிற்காது.

9. வீட்டில் உள்ள பழைய நூல்கள்

இரண்டாம் கட்டு அறையில் மரப்பெட்டி நிறையப் பழைய நூல்கள் இல்லாத வீடு இங்கே குறைவு. அவற்றைச் சாக்கில் கட்டிக் கிளை நூலகத்தில் இறக்கிவிடலாம் என்று எண்ணாதீர்கள். நன்கொடை நூல்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டியிருப்பதாலும் இட நெருக்கடியாலும் நூலகர் தேர்ந்துதான் எடுத்துக்கொள்வார். முதலில் நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு என்று ஒரு பட்டியல் எழுதிக் காட்டுங்கள். கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் வந்த கதை நூல்கள், சிறுவர் நூல்கள் ஆகியவற்றை விரும்பி வாங்குவார்கள்.

பட்டியலில் நூறாண்டு பழைய பதிப்புகளோ, இரங்கூனிலும் சிங்கப்பூரிலும் அச்சான சிறு நூல்களோ இருந்தால் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அவற்றுக்குரிய இடம் ஆராய்ச்சி நூலகங்கள். புதுக்கோட்டையில் ஞானாலயா இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களைக் கொண்டு உருவான ஆராய்ச்சி நூலகம் சென்னையில் இருக்கிறது. ஓலைச்சுவடிகளைக் கண்டால் துடைக்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். துணியில் சுற்றி வைத்துவிட்டு விவரம் தெரிந்தவர்களைக் கேளுங்கள். அரிய நூல் ஒன்றைத் தேடுகிறீர்களானால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அது படிக்கக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல பழைய பதிப்புகள் அங்கே கட்டணமின்றி உள்ளன.

10. நூலகத்துக்கு வர இயலாதவர்கள்

பெரிய வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வீட்டுக்கே நூல் கொண்டுவந்து தர, பொது நூலகத் துறையின் நூலக நண்பர்கள் திட்டம் இருக்கிறது. தன்னார்வலர்கள் நூலகத்திலிருந்து நூல்களை எடுத்துவந்து கொடுத்து, படித்த பிறகு திரும்ப வாங்கிச் செல்வார்கள். உங்கள் ஊர் நூலகத்தில் தன்னார்வலர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நீங்களே பெயர் கொடுக்கலாம். எங்கள் தெருவில் மூன்று வீடுகளுக்கு நான் இப்போது கொண்டுபோகிறேன். எழுத்துப் பெரிதாக உள்ள பதிப்புகளைத் தனியே ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன். ஆச்சிமார்கள் முதலில் கேட்பது எழுத்தின் அளவைத்தான், கதையை அல்ல.